மரம் தந்த இனிப்பை எதில் அடைப்பது?

மேப்பிள் பாகு விற்போர் கலனைத் தேர்ந்தெடுக்கும் முறையும் அதில் நாம் அறிய வேண்டியவையும்

ஒரு பொருளை ஆக்குவது ஒரு திறன். ஆக்கிய பொருளைக் கெடாமல் காத்து வாங்குவோர் கையில் நம்பிக்கையுடன் சேர்ப்பது மற்றொரு திறன். முதல் திறன் வாய்க்கப் பெற்றோர் பலர். இரண்டாவதில் கருத்துச் செலுத்தாமையால் உழைப்பின் பயனை இழப்போரும் பலர். இவ்வுண்மையைப் பால்மரம் வெட்டும் தொழிலாளர்களுக்கு எடுத்துரைக்க வேண்டிய தேவையில்லை. மங்கில் பழைய பால் ஒட்டியிருந்தால் புதிய பால் விரைவில் திரிந்துவிடும். வாளி தூய்மையாக இல்லாவிடில் நிறுவை நிலையத்தை எட்டுமுன்பே பால் கட்டிவிடும். விடியுமுன் எழுந்து செய்த வேலை ஒரு கலனின் குறையால் மதிப்பிழந்து போகும்.

உலகின் மறுகோடியில், கனடாவிலும் அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கு மாநிலங்களிலும், மரத்தைத் துளையிட்டு நீர் இறக்கி வருவாய் தேடும் மக்கள் இருக்கின்றனர். அவர்கள் இறக்குவது ரப்பர் பால் அன்று, இனிப்பு நீர். மேப்பிள் எனப்படும் மரத்தின் நீரைக் காய்ச்சிப் பாகாக்கி விற்பது அவர்களின் தொழில். கண்ணாடிப் போத்தலா, பிளாஸ்டிக் சாடியா, தகர டின்னா, பெரிய பீப்பாயா? பாகை எதில் அடைப்பது என்ற இக்கேள்வி ஒவ்வோர் ஆண்டும் அவர்கள் முன் எழுகின்றது. அதற்கு அவர்கள் கண்டுள்ள விடைகள், வீட்டில் ஊறுகாயோ தேனோ பாகோ ஆக்கி விற்க எண்ணும் நம் குடும்பங்களுக்கும் பயன்படக்கூடியவை. ஆகவே அவற்றை இங்கு விளக்க முற்படுகிறோம்.

மரமும் பருவமும்

மேப்பிள் மரங்களுள் பல வகை உண்டு. அவற்றுள் பாகுக்கு மிகச் சிறந்தது சர்க்கரை மேப்பிள் என்னும் வகை. உலகில் ஆக்கப்படும் மேப்பிள் பாகில் பெரும்பகுதி கனடாவின் கியூபெக் மாநிலத்திலிருந்து வருகின்றது. அதனையடுத்து அமெரிக்காவின் வெர்மாண்ட், நியூயார்க், மேய்ன் ஆகிய மாநிலங்கள் பெயர் பெற்றவை.

நம் ரப்பர் மரம் நட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடும். மேப்பிள் மரமோ அடிமரத்தின் குறுக்களவு ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் ஆகும் வரை காத்திருக்க வேண்டும். அதற்கு 40 ஆண்டுகள் வரை ஆகும். நாம் உளி கொண்டு பட்டையைச் சீவுகிறோம். அவர்கள் பட்டையைச் சீவுவதில்லை. மரத்தில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் அகலமும் ஐந்து சென்டிமீட்டர் ஆழமும் உள்ள துளையிட்டு, அதில் சிறு குழாயைச் செருகுகின்றனர். முன்பு குழாயின் கீழ் வாளியைத் தொங்கவிட்டனர். இன்று பெரிய தோப்புகளில் பிளாஸ்டிக் குழாய்கள் மரத்துக்கு மரம் இணைக்கப்பட்டு, நீரை நேரே காய்ச்சும் கொட்டகைக்குக் கொண்டு சேர்க்கின்றன.

பருவம் மிகக் குறுகியது. குளிர்காலம் முடிந்து வசந்தம் தொடங்கும் வேளையில், இரவில் தண்ணீர் உறையும் குளிரும் பகலில் பனி உருகும் வெப்பமும் மாறி மாறி வர வேண்டும். அப்போதுதான் மரத்திலிருந்து நீர் வடியும். பெப்ரவரி இறுதிக்கும் ஏப்ரலுக்கும் இடையே நான்கு முதல் ஆறு வாரங்கள் வரையே இது நிகழும். மரம் துளிர்விடத் தொடங்கியதும் நீரின் சுவை கெட்டுவிடும். இலையுதிர் காலமும் மழை நாள்களும் நீங்கலாக ஆண்டு முழுதும் வெட்டும் நமக்கு இக்குறுகிய பருவம் வியப்பளிக்கலாம். ஆனால் அவர்கள் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஓராண்டுக்கான மேப்பிள் வருமானம் முழுவதும் இச்சில வாரங்களில் காய்ச்சி அடைத்த பாகிலிருந்தே வர வேண்டும்.

மேலும் மரத்து நீரில் சர்க்கரை ஏறத்தாழ இரண்டு விழுக்காடுதான். ஆகவே ஒரு லிட்டர் பாகு கிடைக்க ஏறத்தாழ 40 லிட்டர் நீரைக் காய்ச்ச வேண்டும். ஒரு லிட்டர் பாகு கெட்டுப்போனால் 40 லிட்டர் நீரும், அதனை வற்றவைத்த எரிபொருளும், இரவு பகலாகக் கண்விழித்த உழைப்பும் ஒருங்கே வீணாகும். கலனைத் தேர்ந்தெடுப்பது சிறு வேலை அன்று என்பது இதனால் விளங்கும்.

பதம் தவறினால் கலன் காக்காது

எத்துணைச் சிறந்த கலனாயினும் பதம் தவறிய பாகைக் காக்க இயலாது. ஆகவே முதலில் பதம், பிறகே கலன்.

நன்கு காய்ச்சிய மேப்பிள் பாகில் சர்க்கரை 66 முதல் 67 விழுக்காடு வரை இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பாகு நீர்த்திருக்கும். நொதித்துப் புளிக்கும், பூஞ்சணம் பிடிக்கும். அதற்கு மிகுந்தால் சில வாரங்களில் போத்தலின் அடியில் சர்க்கரை கற்கண்டு போல் உறைந்து நிற்கும். கனடா நாட்டு விதிகள் குறைந்த அளவை 66 விழுக்காடு என வரையறுத்துள்ளன. வெர்மாண்ட் மாநிலம் அதனை 66.9 விழுக்காடாக வைத்துள்ளது.

இப்பதத்தை அறிய இரு வழிகள் உள்ளன. ஒன்று வெப்பமானி. தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலைக்கு மேல் ஏறத்தாழ நான்கு டிகிரி செல்சியஸ் உயர்ந்ததும் பாகு பதத்துக்கு வந்துவிட்டது எனக் கொள்வர். மலைமேலும் வானிலை மாறும்போதும் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை மாறுபடும். எனவே காய்ச்சத் தொடங்குமுன் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து அன்றைய அளவைப் பார்த்துக்கொள்வர். மற்றொன்று மிதவைமானி. பாலில் எவ்வளவு உலர் ரப்பர் உள்ளது என்பதை அறிய நிறுவை நிலையத்தில் மெட்ரோலாக் என்னும் கருவியை மிதக்கவிடுவதை நம் தொழிலாளர்கள் கண்டிருப்பர். அதன் இனத்தைச் சேர்ந்ததே பாகில் மிதக்கவிடும் கருவியும்.

பதம் வந்த பாகைச் சூடாக இருக்கும்போதே தடித்த துணியில் வடிகட்ட வேண்டும். மரத்து நீரில் உள்ள தாதுப்பொருள்கள் காய்ச்சும்போது மணல் போலப் படியும். அவற்றை நீக்காமல் அடைத்தால் பாகு கலங்கித் தோன்றும். கலங்கிய பாகைக் கண்ணாடிப் போத்தலில் அடைப்பது குறையை விளம்பரம் செய்வதற்கு ஒப்பாகும்.

கலன் மாறியதால் பண்டமும் மாறியது

மேப்பிள் நீரிலிருந்து இனிப்பு எடுக்கும் வழியை முதன்முதல் கண்டவர்கள் வட அமெரிக்காவின் பூர்வகுடி மக்கள். அவர்கள் பூர்ச்ச மரப்பட்டையை மடித்துத் தைத்த பெட்டிகளைப் பயன்படுத்தினர். பாகை அப்பெட்டியில் நெடுநாள் வைக்க இயலாது. ஆகவே மேலும் காய்ச்சிக் கட்டிச் சர்க்கரையாக்கி அதில் சேமித்தனர். ஐரோப்பியக் குடியேறிகளும் நெடுங்காலம் கட்டிச் சர்க்கரையையே பெரிதும் ஆக்கினர். காற்றுப் புகாத தகர டின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய பின்னரே பாகு பெருமளவில் சந்தைக்கு வந்தது.

இதில் ஒரு நுட்பம் அடங்கியுள்ளது. மூங்கில் குழாயில் ஊற்றிக் கட்டியாக்கப்படும் நம் நாட்டுக் குலா மலாக்காவையும் நாம் அறிவோம். நீரின்றி இறுகிய பண்டத்துக்கு எளிய உறை போதும். நீர்ப்பதம் உள்ள பண்டத்துக்குக் காற்றுப் புகாத கலன் வேண்டும். பண்டத்தின் இயல்பை அறிந்தே கலனைத் தேட வேண்டும். கையில் கிடைத்த கலனில் பண்டத்தைத் திணித்தல் ஆகாது.

பாகு அடைக்கும் கலன் நான்கு கடமைகளைச் செய்தாக வேண்டும். சூடான பாகின் வெப்பத்தைத் தாங்க வேண்டும். காற்றையும் ஈரத்தையும் தடுக்க வேண்டும். தன் மணத்தையோ நஞ்சையோ பாகில் கலக்கக் கூடாது. உள்ளே இருப்பது இன்னது, இவ்வளவு என்பதை வாங்குவோருக்கு ஐயமின்றி உணர்த்த வேண்டும். இந்நான்கையும் உரைகல்லாகக் கொண்டு ஒவ்வொரு கலனையும் ஆராய்வோம்.

கண்ணாடி

கண்ணாடி எந்த மணத்தையும் ஏற்பதில்லை. எதனையும் பாகில் விடுவதும் இல்லை. அதன் சுவர் வழியே காற்றும் உட்புகாது. நன்கு மூடிய கண்ணாடிப் போத்தலில் பாகின் சுவை நெடுநாள் மாறாதிருக்கும்.

அழகும் கண்ணாடிக்கு உண்டு. மேப்பிள் பாகு பருவத்தின் தொடக்கத்தில் பொன்னிறமாகவும், போகப்போக அம்பர் நிறமாகவும், இறுதியில் கருநிறமாகவும் அமையும். 2015ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் நடப்பில் உள்ள தரப்பிரிவின்படி பொன்னிறம், அம்பர், கருமை, மிகு கருமை என நான்கு வகைகள் உள்ளன. கனடாவும் இதே பிரிவுகளைப் பின்பற்றுகின்றது. நிறம் வெளிறியிருந்தால் சுவை மென்மையாகவும், கருத்திருந்தால் சுவை அழுத்தமாகவும் இருக்கும். வாங்குவோர் இந்நிறத்தைக் கண்ணால் காணக் கண்ணாடி ஒன்றே முழுமையாக இடம் தருகின்றது. ஆகவே அன்பளிப்புக்கு வாங்குவோர் இதனையே விரும்புவர்.

குறைகளும் உள்ளன. விலை மிகுதி, எடை மிகுதி, உடையும். தொலைவுக்கு அனுப்பும்போது செலவு கூடும். குளிர்ந்த போத்தலில் சூடான பாகை ஊற்றினால் வெடிக்கவும் கூடும். ஆதலால் போத்தலை முன்னதாகவே வெதுவெதுப்பாக்கிக் கொள்வர். மேலும் வெயில் படும் பலகையில் நாள்கணக்கில் வைத்தால் நிறமும் சுவையும் மாறும். கண்ணாடியில் அடைத்ததை நிழலில் வைத்தல் வேண்டும்.

பிளாஸ்டிக்

கைப்பிடியுள்ள பிளாஸ்டிக் சாடிகள் வடகிழக்கு அமெரிக்காவில் 1970களிலிருந்து பரவலாயின. அவை உடையா; எடை குறைவு; விலையும் குறைவு. சூட்டைத் தாங்குமாறு கெட்டியாக வார்க்கப்பட்டவை. சாலையோரக் கடையிலும் குடும்பங்களின் அன்றாடப் பயனுக்கும் இவையே ஏற்றவை.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. கண்ணுக்குத் திண்மையாகத் தோன்றும் பிளாஸ்டிக்கின் ஊடே காற்றில் உள்ள பிராணவாயு மெல்ல மெல்ல உட்புகும். சில மாதங்களில் பாகு கருத்து, பொன்னிறம் என எழுதிய சாடியில் அம்பர் நிறப் பாகு இருக்கும் நிலை தோன்றும். சுவையும் சற்று மாறும். இக்குறையைப் போக்க உட்பூச்சு உள்ள சாடிகளையும் பல அடுக்குச் சாடிகளையும் ஆக்கியுள்ளனர். எனினும் அனுபவம் மிக்கவர்கள் பாகு முழுவதையும் பருவத்திலேயே சிறு சாடிகளில் அடைத்துவிடுவதில்லை. பெரும்பகுதியை எஃகுப் பீப்பாயில் வைத்துக்கொண்டு, விற்பனைக்கு வேண்டிய அளவை மட்டும் அவ்வப்போது சூடாக்கிச் சாடிகளில் அடைக்கின்றனர்.

எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒன்று அன்று. குடிநீரும் சோடாவும் விற்கும் மெல்லிய போத்தல்கள் எழுபது டிகிரி செல்சியசுக்கு மேல் நெகிழ்ந்து சுருங்கிவிடும். பிற பொருள் இருந்த பிளாஸ்டிக் கலனில் அப்பொருளின் மணம் எவ்வளவு கழுவினாலும் போகாது. மண்ணெண்ணெயோ பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ இருந்த கலனை உணவுக்குப் பயன்படுத்துவது உயிருக்கே ஆபத்தாகும். தோட்டங்களில் வாழும் நாம் இதனை ஒருபோதும் மறக்கலாகாது.

தகரம்

கியூபெக் மாநிலத்தில் மேப்பிள் பாகு என்றதும் மக்கள் நினைவுக்கு வருவது 540 மில்லிலிட்டர் கொள்ளும் தகர டின். பனி மூடிய தோப்பும் காய்ச்சும் கொட்டகையும் தீட்டப்பட்ட அந்த டின் அம்மாநிலத்தின் அடையாளங்களுள் ஒன்றாகவே ஆகிவிட்டது. தகரம் வெளிச்சத்தையும் காற்றையும் முற்றிலும் தடுக்கும், உடையாது, அடுக்கி வைக்கவும் ஏற்றி அனுப்பவும் எளிது. திறக்காத டின்னில் பாகு ஆண்டுக்கணக்கில் கெடாதிருக்கும்.

ஆனால் உள்ளிருப்பதைக் கண்ணால் காண இயலாது. திறந்த பின் மீண்டும் மூட இயலாத டின்னாயின் மிச்சத்தை வேறு கலனுக்கு மாற்ற வேண்டும். ஈரமான இடத்தில் வைத்தால் துருப்பிடிக்கும். டின்னை இயந்திரத்தால் மூட வேண்டியிருப்பதால் சிறு அளவில் தொழில் செய்வோர்க்குச் செலவும் கூடும்.

தகரத்தின் வரலாற்றில் ஒரு பாடமும் உண்டு. முற்காலத்தில் டின்களின் இணைப்புகளை ஈயம் கலந்த பற்றாசு கொண்டு ஒட்டினர். வாளிகளும் காய்ச்சும் தட்டுகளும் அவ்வாறே ஆக்கப்பட்டன. ஈயம் உணவில் கலந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பது பின்னர் தெளிவாயிற்று. 1995ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு ஈயப் பற்றாசு இட்ட உணவு டின்களைத் தடை செய்தது. பழைய ஈய வாளிகளும் தட்டுகளும் மெல்ல விலக்கப்பட்டு, துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரங்கள் அவ்விடத்தைப் பெற்றன. நெடுநாள் வழக்கம் என்பதனாலேயே ஒரு கலன் தீங்கற்றது ஆகிவிடாது.

பீப்பாயும் பெருந்திருட்டும்

சில்லறையாக விற்க இயலாதோர் பாகை ஏறத்தாழ 205 லிட்டர் கொள்ளும் பீப்பாய்களில் மொத்தமாக விற்கின்றனர். ஒரு பீப்பாயை நிரப்ப எட்டாயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட மரத்து நீரைக் காய்ச்சியிருக்க வேண்டும் என எண்ணினால் அதன் மதிப்பு விளங்கும்.

கியூபெக் மாநிலத்தில் கலனின் அளவே சட்டத்தின் எல்லைக்கோடாகவும் உள்ளது. ஐந்து லிட்டருக்குக் குறைந்த கலன்களில் அடைத்த பாகை உற்பத்தியாளர் தம் வாசலில் நேரே மக்களுக்கு விற்கலாம். அதனினும் பெரிய கலன்களில் மொத்தமாக விற்பதாயின் உற்பத்தியாளர் சங்கத்தின் ஏற்பாட்டின் வழியே விற்க வேண்டும். விளைச்சல் மிகுந்த ஆண்டில் விலை சரியாதிருக்கவும், குறைந்த ஆண்டில் தட்டுப்பாடு நேராதிருக்கவும் அச்சங்கம் 2000ஆம் ஆண்டு முதல் சேமக் கிடங்குகளைப் பேணி வருகின்றது. ரப்பர் விலையின் ஏற்ற இறக்கத்தை அறிந்த நமக்கு இத்தகைய ஏற்பாட்டின் நோக்கம் எளிதில் புரியும்.

அக்கிடங்குகளுள் ஒன்றில் 2012ஆம் ஆண்டு ஒரு பெருந்திருட்டு வெளிப்பட்டது. சரக்கைக் கணக்கெடுக்கச் சென்ற அலுவலர் அடுக்கிவைத்த பீப்பாய்களின் மேல் ஏறியபோது, பாரமாக இருக்க வேண்டிய பீப்பாய் ஒன்று ஆட்டம் கண்டது. அது வெறும் பீப்பாய். ஆராய்ந்தபோது, பல பீப்பாய்களில் பாகு இறைக்கப்பட்டுத் தண்ணீர் நிரப்பப்பட்டிருந்தது தெரியவந்தது. களவு போனது ஏறத்தாழ 3,000 டன் பாகு. மதிப்பு ஏறத்தாழ ஒரு கோடியே 80 இலட்சம் கனடா வெள்ளி. வெளிச்சம் புகாத, எடையும் முத்திரையும் அடிக்கடி சரிபார்க்கப்படாத கலன் எவ்வளவு பெரிதாயினும் காவலாகாது என்பதை உலகம் அன்று கண்டது.

அடைக்கும் முறை

கலனைத் தேர்ந்த பின் அடைக்கும் முறையில் கவனம் வேண்டும். மேப்பிள் பாகு அடைப்போர் பின்பற்றும் நெறிகள் இவை:

1. புதிய, தூய்மையான, ஈரமில்லாத கலனையே பயன்படுத்துவர். முன்பு பயன்படுத்திய மூடியை மீண்டும் பயன்படுத்துவதில்லை.

2. பாகு 82 முதல் 85 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும்போதே ஊற்றுவர். அதற்குக் குறைந்தால் பூஞ்சண வித்துகள் அழியா. மீண்டும் கொதிக்கும் அளவுக்குச் சூடாக்கினால் புதிதாக மணல் படிந்து பாகு கலங்கும்.

3. கழுத்து வரை நிரப்பி உடனே மூடுவர். உள்ளே காற்று மிகுதியாக இருத்தல் கூடாது.

4. மூடிய கலனைச் சிறிது நேரம் பக்கவாட்டில் சாய்த்து வைப்பர். சூடான பாகு மூடியின் உட்புறத்தைத் தொட்டு அங்குள்ள கிருமிகளையும் அழிக்கும்.

5. சூடான கலன்களை நெருக்கி அடுக்குவதில்லை. நெருக்கினால் நடுவில் உள்ளவை நெடுநேரம் ஆறாமல் பாகு கருத்துப்போகும். இடைவெளி விட்டு ஆறவைத்த பின்னரே பெட்டியில் இடுவர்.

பாகு ஆறும்போது சற்றுச் சுருங்குவதால் மூடி உள்நோக்கி இழுக்கப்பட்டு இறுகும். வேறு பதனப் பொருள் எதுவும் சேர்க்காமலேயே பாகு நெடுநாள் நிற்பதற்கு இதுவே காரணம். திறந்த பின் குளிர்பெட்டியில் வைக்குமாறு வாங்குவோரிடம் சொல்லியனுப்புவர்.

எந்த அளவில் அடைப்பது?

நூறு லிட்டர் பாகு உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அதனை 250 மில்லிலிட்டர் போத்தல்களில் அடைத்தால் 400 போத்தல், 400 மூடி, 400 பெயர்ச்சீட்டு வேண்டும். ஒரு லிட்டர் கலனில் அடைத்தால் நூறு போதும். நான்கு லிட்டர் சாடியில் அடைத்தால் 25 போதும். சிறு போத்தலில் லிட்டருக்குக் கிடைக்கும் விலை உயரும். ஆனால் கலன் செலவும் உழைப்பும் உயரும். பெரிய சாடியில் செலவு குறையும். லிட்டருக்கான விலையும் குறையும்.

ஆகவே கணக்குப் பார்க்காமல் முடிவு செய்தல் தவறு. விற்ற விலையிலிருந்து போத்தல், மூடி, சீட்டு, பெட்டி, ஏற்றிச் செல்லும் செலவு, உடைந்தவற்றின் இழப்பு ஆகிய அனைத்தையும் கழித்த பின் லிட்டருக்கு எவ்வளவு மிஞ்சுகின்றது என்பதே உண்மையான வருமானம். பயணிகள் வரும் இடத்தில் சிறு கண்ணாடிப் போத்தலும், அண்டை அயலார் ஆண்டு முழுதும் வாங்கும் இடத்தில் பெரிய பிளாஸ்டிக் சாடியும் விலைபோகும். அனுபவம் உள்ளோர் இரண்டு மூன்று அளவுகளோடு நிறுத்திக்கொள்வர். பல அளவுகளை வைத்திருந்தால் விற்காத கலன்களில் பணம் முடங்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோகிராம். ஒரு லிட்டர் மேப்பிள் பாகின் எடையோ ஏறத்தாழ 1.33 கிலோகிராம். தேன் அதனினும் சற்றுக் கனமானது. ஆகவே 500 மில்லிலிட்டரும் 500 கிராமும் ஒன்று அன்று. சீட்டில் எதனை எழுதுகிறோமோ அதனையே அளந்து அடைக்க வேண்டும். இல்லையேல் விற்பவர் நட்டமடைவார். அன்றி வாங்குபவர் ஏமாற்றப்படுவார்.

பெயர்ச்சீட்டு ஒரு வாக்குறுதி

வெர்மாண்ட் மாநிலச் சட்டப்படி பாகுக் கலனின் மேல் தரம், அளவு, ஆக்கியோர் பெயர், முகவரி ஆகியவை இருந்தாக வேண்டும். கனடாவில் இவ்விவரங்கள் ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய இரு மொழிகளிலும் எழுதப்படும். பெயரையும் முகவரியையும் எழுதுவது, குறை இருந்தால் என்னிடம் வாருங்கள் என்று வாங்குவோருக்கு அளிக்கும் வாக்குறுதியாகும். அவ்வாறு எழுதத் துணிபவரே அடுத்த ஆண்டும் விற்க முடியும்.

நம் குடும்பங்களுக்கு

மேப்பிள் மரம் நம் மண்ணில் பாகு தராது. ஆனால் ஊறுகாய், தேன், காயா, முறுக்கு, மிளகாய்த்தூள் எனக் கைப்பக்குவத்தால் சிறு வருமானம் தேடும் மகளிர் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்கு மேற்கண்ட நெறிகள் வழிகாட்டும்.

ஊறுகாயில் உப்பும் புளிப்பும் மிகுதி. அவை உலோகத்தை அரிக்கும். எனவே கண்ணாடியும், உட்பூச்சு உள்ள மூடியும் ஏற்றவை. கெலுலுட் எனப்படும் கொடுக்கில்லாத் தேனீயின் தேனில் சாதாரணத் தேனைவிட நீர் மிகுதி; எளிதில் நொதித்து வாயு உண்டாகும். அதனை இறுக மூடி வெப்பமான இடத்தில் வைத்தால் மூடி தெறிக்கக்கூடும். குளிர்ச்சியில் வைப்பதே முறை. முறுக்கு போன்ற உலர்ந்த பலகாரத்துக்கு நம் நாட்டு ஈரக்காற்றே பகை. கெட்டியான பிளாஸ்டிக் பையை வெப்பமூட்டி ஒட்டினாலன்றி மொறுமொறுப்பு நில்லாது. சூடான பண்டம் எதனையும் குடிநீர்ப் போத்தலிலோ பலமுறை பயன்படுத்திய கலனிலோ அடைத்தல் வேண்டா.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். மலேசியாவில் 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டமும் 1985ஆம் ஆண்டு உணவு விதிகளும் விற்பனைக்குரிய உணவைக் கட்டுப்படுத்துகின்றன. நம் நாட்டில் ஆக்கி அடைக்கப்படும் உணவின் சீட்டு மலாய் மொழியில் இருத்தல் வேண்டும். அதனுடன் தமிழிலும் எழுதிக்கொள்ளலாம். உணவின் பெயர், சேர்பொருள்கள், நிகர எடை அல்லது அளவு, ஆக்கியோர் பெயர், முகவரி ஆகியவை அதில் அடங்கும். அளவு தொடர்பாக 1972ஆம் ஆண்டு நிறுத்தல் அளத்தல் சட்டம் உள்ளது. உணவைக் கையாள்வோர் பயிற்சி பெறுவதும் டைபாய்டு தடுப்பூசி இட்டுக்கொள்வதும் 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளின் கட்டளை. முறையான சான்றிதழ் பெறாமல் ஹலால் முத்திரையை அச்சிடுதல் குற்றமாகும். சிறு உற்பத்தியாளர்களைத் தூய்மை நெறியில் பழக்குவதற்கெனச் சுகாதார அமைச்சு 'மெஸ்தி' என்னும் சான்றிதழ்த் திட்டத்தை நடத்துகின்றது. இவை பற்றிய விளக்கங்களை மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கேட்டறியலாம். கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

தொடங்குவோர்க்குச் சில சொற்கள்

முதலிலேயே ஆயிரம் போத்தல் வாங்கிக் குவித்தல் வேண்டா. இருபது கலன்களில் அடைத்து, அடைத்த நாளை எழுதி, வாரந்தோறும் ஒன்றைத் திறந்து நிறத்தையும் மணத்தையும் பார்த்தல் வேண்டும். எத்தனை வாரம் கெடாமல் நிற்கின்றது என்பதைத் தாமே அறிந்த பின்னரே விற்பனையில் இறங்குதல் நலம். ஐயம் தோன்றினால் விற்காமல் விடுவதே அறிவுடைமை. கெட்ட ஒரு போத்தலால் போன பெயரை நல்ல நூறு போத்தலாலும் மீட்க இயலாது.

மங்கைத் துடைத்து மரத்தில் மாட்டும் கைக்குத் தூய்மையின் பயன் தெரியும். மெட்ரோலாக் காட்டும் எண்ணைக் கவனித்துப் பழகிய கண்ணுக்கு அளவின் அருமை தெரியும். அவ்விரண்டையும் வீட்டு அடுக்களையிலும் பேணுவோமாயின், நம் கையால் ஆக்கிய பண்டம் நம் பெயர் தாங்கி வெளியூர்க் கடைகளிலும் தலைநிமிர்ந்து நிற்கும். உழைப்பின் பயனும் உழைத்தவர் கையிலேயே சேரும்.